வால்வுக்கு இருபது சுற்று

தண்ணீர்க்காரரை மன்றத்தில் சேர்த்தபோது அவர் ஒரு குழிக்குள் தலையை விட்டுக் குனிந்திருந்தார். சட்டைப்பையில் கைப்பேசி விடாமல் துடித்தது. யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து, சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். யாரும் சாகவில்லை. முப்பத்தெட்டுப் பேர் அவருக்குக் காலை வணக்கம் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் ரோஜாப்பூ அனுப்பியிருந்தார்கள். ஒருவர் மட்டும் ஒன்பது விதிகளை அனுப்பியிருந்தார்.

அவர்தான் தலைமை நெறியாளர்.

முன்பு அந்தப் பகுதிக்குச் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதற்கு ஓர் அறையும் ஆறு நாற்காலியும் இருந்தன. கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்பதால் அறையைப் பூட்டிவிட்டு, 'நம் தெருக்கள் நல்லொழுக்க மன்றம்' என்று பெயர் மாற்றிச் சங்கத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுபோனார்கள். அதன்பிறகு ஆள் வராத கூட்டமே கிடையாது. படுக்கையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் வந்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள்.

தலைமை நெறியாளர் ஆவணக் காப்பகத்தில் முப்பத்தோரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுவாரமே கையெழுத்துப் போட எதுவும் இல்லாமல் அவர் வலது கை நடுங்க ஆரம்பித்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், கேட்கவில்லை. மன்றம் வந்தது, நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு பதிவை நீக்கினால் அரை நாளைக்குக் கை நிதானமாக இருக்கும் என்று அவர் மனைவியே சொல்வார்.

மன்றத்தில் காலை ஐந்து முதல் ஒன்பது வரை வணக்கம். ஒன்பது முதல் பதினொன்று வரை புகார். புகார் 'தாழ்மையுடன்' என்று தொடங்க வேண்டும், இல்லையென்றால் நீக்கப்படும். நகைச்சுவை ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதையும் சனிக்கிழமையே நெறியாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். வீட்டு உரிமையாளர்கள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். வாடகைக்கு இருப்பவர்கள், உரிமையாளர் யாராவது எழுதிய பிறகு எழுதலாம். சங்கத்திடம் சம்பளம் வாங்குகிற தண்ணீர்க்காரர் 'சேவைப் பிரிவு'. அவர் எழுதக் கூடாது. கட்டைவிரல் அழுத்தலாம்.

கடைசி வரிசையின் முப்பத்திரண்டு வீடுகள் மட்டும் மன்றத்தில் இல்லை. சேர வேண்டுமானால் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி வீட்டு முகப்பின் படம் அனுப்ப வேண்டும். கடைசி வரிசையில் சிமெண்டு மூட்டை இறக்குகிறவர்களும் செங்கல் சுமக்கிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் பலகை இல்லை. சில வீடுகளுக்கு முகப்பே இல்லை.

மன்றத்தில் பெரிய விஷயங்கள் அலசப்பட்டன. இரண்டாம் மாடி ஈரத்துணி முதல் மாடிக் காய்ந்த துணிமேல் சொட்டுவது பற்றி நானூறு பதிவுகள் வந்தன. நானூறாவது பதிவு விழுந்தபோது அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் சமாதானமாகி ஒரே கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அது மன்றத்துக்குத் தெரியாது. சண்டை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மெத்தைக்கடைக்காரர் இரண்டாம் நெறியாளர். அவருக்குத் தட்டச்சு செய்யப் பொறுமை கிடையாது, எல்லாம் குரல்பதிவுதான். ஒவ்வொன்றும் ஆறு நிமிடம் ஓடும். பொது ஒழுக்கம் பற்றிப் பேசிக்கொண்டே நடுவில், "அது இல்லம்மா, அது பஞ்சு, இது நார்" என்று வாடிக்கையாளருக்கும் பதில் சொல்வார். மன்றத்தில் பாதிப் பேருக்குப் பஞ்சுக்கும் நாருக்கும் வித்தியாசம் தெரிந்தது அப்படித்தான்.

தண்ணீர்க்காரருக்கு இதில் எதுவும் புரியவில்லை. அவருக்குத் தெரிந்தது மூன்று வால்வு.

மேட்டிலிருக்கும் தொட்டியிலிருந்து பெரிய குழாய் ஒன்று இறங்குகிறது. அதில் முதலில் மேல் தெரு, அடுத்து நடுத் தெரு, கோடியில் கடைசி வரிசை. அந்தக் கோடி பழைய கல்லுடைப்புத் திட்டின்மேல் இருக்கிறது. கீழே இறங்கின தண்ணீர் திரும்பவும் ஏற வேண்டும். மேல் தெரு வால்வை நன்றாகத் திறந்துவிட்டால் தண்ணீர் அங்கேயே விழுந்து தீர்ந்துவிடும், கோடிக்கு ஏறாது. அதனால் காலை ஐந்து மணிக்கு மேல் தெரு வால்வை ஐந்து சுற்று திறப்பார். நடுத் தெருவுக்கு ஏழு. கடைசி வரிசைக்கு முழுக்கப் பதினாலு. பதினாலுக்குமேல் வால்வு நகராது, முட்டி நின்றுவிடும். மேல் தெருவில் ஐந்து சுற்றுக்கு ஒரு மணி நேரத்தில் தொட்டி நிரம்பும். கடைசி வரிசையில் பதினாலு சுற்றுக்கு விரல் தடிமனில் விழும், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று பிடித்துக்கொள்வார்கள். பதினெட்டு வருடமாக இப்படித்தான். குழி மூடியைத் தூக்கித் தூக்கி அவர் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

ஒரு நாள் தலைமை நெறியாளர் 'வெளிப்படைத்தன்மை மாதம்' அறிவித்தார். சேவைப் பிரிவினர் தினமும் செய்த வேலையை எண்ணிக்கையில் பதிவிட வேண்டும், அதற்கு மட்டும் எழுத அனுமதி உண்டு. தண்ணீர்க்காரர் குழியோரம் உட்கார்ந்து ஒரு விரலால் தட்டினார்.

'மேல் தெரு 5. நடுத் தெரு 7. கடைசி வரிசை 14.'

கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். அவர் போய்ச் சேர்வதற்குள் மேல் தெரு எழுந்துவிட்டது.

'தாழ்மையுடன் கேட்கிறேன். எங்களுக்கு ஐந்து. அவர்களுக்குப் பதினாலா?'

'கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நான் கணக்கு ஆசிரியர், சொல்கிறேன்.'

'இத்தனை நாள் ஐந்திலா குளித்துக்கொண்டிருந்தோம். நினைத்தாலே உடம்பு அரிக்கிறது.'

'என் மாடித் தோட்டத்து ரோஜா ஏன் வாடியது என்று இப்போதுதான் தெரிகிறது.'

'உங்கள் தொட்டி தினமும் வழிகிறதே ஐயா.'

'வழிவது வேறு. உரிமை வேறு.'

நடுத் தெருவில் வாடகைக்கு இருந்த தையற்கார அம்மா, உரிமையாளர் ஒருவர் எழுதும்வரை காத்திருந்து எழுதினார்: 'எனக்கு ஏழு போதும். ஏழுக்கே என் குடம் நிரம்புது. எட்டாவது சுத்தை வச்சு நான் என்ன தைக்கப் போறேன்?'

அவருக்கு இரண்டு எச்சரிக்கைகள் போயின. ஒன்று, மன்றம் குறைப்பட்டுக்கொண்டிருக்கும்போது தனியாகத் திருப்தி அடைந்ததற்கு. இன்னொன்று, செவ்வாய்க்கிழமை நகைச்சுவை செய்ததற்கு.

மெத்தைக்கடைக்காரர் இரண்டு குரல்பதிவு போட்டார். "சமத்துவம்னு ஒண்ணு இருக்கு பாருங்க. ஒருத்தனுக்குப் பதினாலு, ஒருத்தனுக்கு அஞ்சுன்னா அது நியாயமா? நான் யாரையும் குத்திச் சொல்லல. மூட்டை தூக்கறவங்களுக்கு எதுக்குங்க பதினாலு? அவங்க என்ன கார் கழுவப் போறாங்களா? ஏய், அந்த ரெட்டைக் கட்டில் மெத்தையை வெயில்ல போடாத. சமத்துவம்தான் நம்ம மன்றத்தோட உயிர்."

மாலைக்குள் வாக்கெடுப்பு வந்தது. மேல் தெரு வால்வை எத்தனை சுற்று திறக்க வேண்டும்? பதினைந்து, இருபது, இருபத்தைந்து, 'நெறியாளர் முடிவே என் முடிவு' என்று நான்கு வாய்ப்புகள். ஒருவர் முப்பது கேட்டு மனுக் கொடுத்தார். அவர் வீடு ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்தது, அவர் வேறு ஊரில் இருந்தார். கொள்கைக்காகக் கேட்பதாகச் சொன்னார். நூற்று முப்பத்தொரு வாக்குகளுடன் இருபது சுற்று வென்றது. கைதட்டல் படங்கள் மட்டும் திரையில் மூன்று முழம் ஓடின.

தண்ணீர்க்காரர் அன்று சாயங்காலமே தலைமை நெறியாளர் வீட்டுக்குப் போனார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரச் சொல்லவில்லை.

"சார், அந்த வால்வுல மொத்தமே பதினாலு சுத்துதான்."

"யார் சொன்னது?"

"வால்வு சார். அதுக்குமேல போகாது. முட்டிக்கும்."

"எழுத்துல இருக்கா?"

"இரும்புல இருக்கு சார்."

தலைமை நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கோபப்படவில்லை. ஆவணக் காப்பகத்தில் அவர் யாரிடமும் கோபப்பட்டதில்லை, கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார், அவ்வளவுதான்.

"இங்க பாருப்பா. பதினாலோட நிக்குதுங்கறது வால்வோட கருத்து. இருபதுங்கறது மன்றத்தோட தீர்மானம். கருத்து பெருசா, தீர்மானம் பெருசா? நான் முப்பத்தோரு வருஷம் உத்தியோகம் பாத்தவன். முடியாதுன்னு ஒரு கோப்பு என் மேசைக்கு வந்ததில்ல. வந்தா நான் பிரிக்கவே மாட்டேன். அதனால என் காலத்துல முடியாத காரியம்னு எதுவுமே நடக்கல."

"மேல் தெருவை முழுசாத் தொறந்தா கடைசி வரிசைக்கு ஏறாது சார். முப்பத்திரண்டு வீடு."

"அவங்க மன்றத்துல இருக்காங்களா?"

"இல்லைங்க. நீங்கதான் சேக்கல."

"அப்ப அவங்களுக்குத் தண்ணி வரலேங்கற புகார் மன்றத்துக்கு எப்படி வரும்? வராது. புகாரே வராத இடத்துல குறை இருக்குன்னு நீ எப்படிச் சொல்ற? விதி தெரியாமப் பேசாதப்பா. நாளைக்கு இருபது. இல்லேன்னா உன் வேலையையும் வாக்கெடுப்புல விட வேண்டி வரும்."

தண்ணீர்க்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் தைரியசாலி இல்லை. தொட்டிக்குக் கீழே இருந்த பம்பு அறையில்தான் குடியிருந்தார். வேலை போனால் கூரையும் போகும்.

மறுநாள் காலை மேல் தெரு வால்வை முட்டும்வரை திறந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணி, பதினாலில் சாவி நின்றது. சாவி என்பது இடுப்பு உயரத்துக்கு இருக்கும் இரும்புத் தடி, மேலே குறுக்குக் கம்பி. நின்ற இடத்தில் அதை இன்னும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். தீர்மானத்துக்கு மரியாதை கொடுக்கத்தான்.

அரை மணி நேரத்தில் மேல் தெருத் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. யாரும் குழாயை மூடவில்லை. உரிமை வழிகிறபோது மூடலாமா கூடாதா என்பதற்கு விதி இல்லை. தண்ணீர் சுவரில் இறங்கி, வாசலில் பரவி, தெருவில் ஓடியது. ஒன்பது மணிக்குப் புகார் நேரம் தொடங்கியதும் முதல் பதிவு வந்தது: 'தாழ்மையுடன். தெருவில் ஈரம். என் மாமியார் வழுக்கிவிட்டார். இதற்கு யார் பொறுப்பு?'

கடைசி வரிசையில் குழாயைத் திறந்தவர்களுக்குக் காற்று வந்தது.

தண்ணீர்க்காரரின் அக்கா வீடு அங்கேதான். அக்கா சரக்குக் கிட்டங்கியில் சிமெண்டு மூட்டை இறக்குகிறவர். சாயங்காலம் அவர் போனபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் உடம்பில் படாமல் அகற்றி வைத்திருந்தார். கழுத்திலிருந்து முழங்கைவரை சாம்பல் நிறம். மூட்டை தூக்குகிறபோது வழியும் வியர்வையில் சிமெண்டு குழைந்து, வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கிற நேரத்துக்குள் இறுகத் தொடங்கும். இறுகுவதற்குள் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் தோலைத் தின்னும்.

"காலைல குழாயைத் தொறந்தேன்" என்றார் அக்கா. "உஸ்ஸுன்னு சத்தம் வந்துச்சு. பாம்பு வருதுன்னு தள்ளி நின்னேன். அதுகூட வரல."

"ஓட்டுப் போட்டுட்டாங்கக்கா."

"எதுக்கு?"

"சுத்துக்கு. மேல் தெருவுக்கு இருபது சுத்துன்னு."

"யார் போட்டது?"

"மன்றத்துல. நூத்து முப்பத்தோரு பேர்."

"நான் போட்டேனா?"

"நீ அதுல இல்லக்கா."

"என் கழுத்து இருக்கு பாரு. அதுக்கு ஓட்டு இல்லியா?" அக்கா தலையைத் திருப்பினார். காதுக்குக் கீழே ஒரு கோடு வெடித்துச் சிவந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரி குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதிக் குவளை கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா அதைக் கழுத்தில் ஊற்றவில்லை. குடித்தார்.

தண்ணீர்க்காரர் பம்பு அறைக்கு ஓடி இரண்டு வாளி கொண்டுவந்தார். ஈரத் துணியால் கழுத்தைத் துடைத்தபோது துணியோடு தோலும் கொஞ்சம் வந்தது.

"நாளைக்கும் இப்படித்தானாடா?"

"வேலையை எடுத்துருவாங்கக்கா."

"எடுக்கட்டும். எங்கூட மூட்டை தூக்க வா. நீ நல்லாத் தூக்குவ. ஆனா சாயங்காலம் வந்து கழுவத் தண்ணி கேக்காத."

அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். அக்கா விடவில்லை. "உன் மன்றத்துல முப்பத்திரண்டு வீட்டையும் எழுதிப் போடு. என் கழுத்தைப் படம் புடிச்சுப் போடு."

"நான் எழுதக் கூடாதுக்கா. கட்டைவிரல் மட்டும்தான்."

"அந்த விரலை வச்சுக்கிட்டு என்னடா பண்ற?"

இதற்குள் மன்றத்தில் வேறு புயல். காலையில் அவர் உண்மையாக 'மேல் தெரு 14' என்று பதிவிட்டிருந்தார். தீர்மானம் இருபது. அப்படியானால் மீதி ஆறு சுற்று எங்கே?

ஆறு சுற்றையும் அவர் கடைசி வரிசைக்குக் கொடுத்துவிட்டார் என்றார் ஒருவர். பம்பு அறையில் பதுக்கியிருக்கிறார் என்றார் இன்னொருவர். கணக்கு ஆசிரியர், நாளைக்கு ஆறு என்றால் வருடத்துக்கு இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு சுற்று என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த எண்ணைப் பார்த்ததும் மன்றமே கொதித்தது. மூன்று பேர் கொண்ட 'ஆறு சுற்று விசாரணைக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் மெத்தைக்கடைக்காரர்.

குழு மறுநாளே, புகார் நேரம் தொடங்கியதும் குழிக்கு வந்தது. கையுறை, முகமூடி, ஓர் அளவுநாடா. சுற்றை நாடாவால் அளக்க முடியாது என்று தண்ணீர்க்காரர் சொன்னார். அதைக் குழு 'ஒத்துழைக்க மறுத்தார்' என்று குறித்துக்கொண்டது.

"மூடியைத் தூக்குப்பா" என்றார் மெத்தைக்கடைக்காரர்.

"நீங்களே தூக்கிப் பாருங்கய்யா. நான் தொட்டா, ஆறு சுத்தையும் மறைச்சிட்டேன்னு சொல்லுவீங்க."

குழுவுக்கு அது நியாயமாகப் பட்டது. மெத்தைக்கடைக்காரர் முதலில் ஒரு படம் எடுக்கச் சொன்னார். பிறகு குனிந்து வளையத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தார். மூடி அசையவில்லை, அவர் முதுகு அசைந்தது. அப்படியே குனிந்த நிலையில் நின்றார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் அவர் கடையிலேயே ஒரு மெத்தையில் கிடத்தினார்கள். முதுகுவலி வரவே வராது என்று அவர் உறுதிச் சீட்டோடு விற்கிற மெத்தை அது. அன்று மன்றத்தில் அவர் குரல்பதிவு போட்டார். முப்பது நொடிதான். பெரும்பாலும் மூச்சு.

குழுவின் அறிக்கை இப்படி முடிந்தது: 'ஆறு சுற்று கண்ணால் காணப்படவில்லை. எனவே அது காணாமல் போயிருப்பது உறுதியாகிறது.'

அன்று மாலை திரை வழியாக விசாரணைக் கூட்டம். தண்ணீர்க்காரருக்கு வீடியோ போடத் தெரியாது. தையற்கார அம்மா தன் கைப்பேசியைத் தையல் இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்து அவரை முன்னால் உட்காரவைத்தார். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் நெற்றிகளும் மின்விசிறிகளும் தெரிந்தன. முதல் இருபது நிமிடம் எல்லாரும் ஒருவரையொருவர் "கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டார்கள். கேட்டது.

தலைமை நெறியாளர் பேசினார்.

"இந்த மன்றத்தை நான் ஏன் நடத்தறேன்? எனக்கு இதுல ஒரு பலனும் இல்ல. ராத்திரி பகல் பாக்காம நீக்கறேன். போன மாசம் மட்டும் எண்ணூத்து நாப்பது பதிவு நீக்கியிருக்கேன். அதனால நம்ம பகுதியில எவ்வளவு அமைதி இருக்குன்னு பாருங்க. குப்பை அள்ளலேன்னு ஒரு பதிவு இருக்கா? இல்ல. விளக்கு எரியலேன்னு இருக்கா? இல்ல. குப்பை அப்படியே கிடக்குன்னு சிலர் நேர்ல வந்து சொல்றாங்க. நேர்ல சொல்றதுக்கு மன்றம் பொறுப்பில்ல. இப்ப இந்த ஆளு, ஒரு சேவைப் பிரிவு, மக்கள் குடுத்த இருபதைப் பதினாலா குறைச்சிருக்கார். வால்வு மேல பழி போடறார். வால்வு வாயில்லாத ஜீவன். அது வந்து மறுத்துப் பேசுமா? அந்தத் தைரியம்தான். பேசறதுக்கு ரெண்டு நிமிஷம் தரேன். மன்னிப்புல ஆரம்பிக்கணும்."

தண்ணீர்க்காரர் திரைக்குக் கிட்டே நகர்ந்தார்.

"அண்ணே, பாத்துப் பேசு" என்று தையற்கார அம்மா பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். பிறகு யோசித்துவிட்டு, "வேணாம், பாக்காமப் பேசு" என்றார்.

"நேத்தும் இன்னிக்கும் நீங்க சொன்னதைக் கேட்டு மேல் தெருவை முழுசாத் தொறந்தேன்" என்றார் தண்ணீர்க்காரர். "அது தப்பு. அந்தத் தப்புக்கு மன்னிப்புக் கேக்கணும். உங்ககிட்ட இல்ல. கடைசி வரிசையில கேட்டுட்டேன். என் அக்கா கழுத்துல தோல் இல்ல. நாளைக்கு வேற ஒருத்தருக்குக் கை போகும். அந்தக் குழாய்க்குக் குழி தோண்டினது அந்த வரிசை ஆளுங்கதான், உங்க வீட்டுக்குத் தூண் போடக் கல் சுமந்ததும் அவங்கதான். அவங்க உங்க மன்றத்துல இல்லேன்னா அது உங்க மன்றத்தோட குறை."

"மன்னிப்புல ஆரம்பிக்கல" என்று யாரோ ஒரு நெற்றி சொன்னது.

"நாளைக்குக் காலைல மேல் தெரு அஞ்சு. நடுத் தெரு ஏழு. கடைசி வரிசை பதினாலு. இருபது வேணுங்கறவங்க காலைல அஞ்சு மணிக்கு வந்து சாவியைப் புடிங்க. நான் குழியோரம்தான் இருப்பேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். திரையில் அவர் இடுப்பு மட்டும் தெரிந்தது. பிறகு தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. தையற்கார அம்மா வேண்டுமென்றேதான் ஓட்டினார்.

மன்றம் பொங்கியது. எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அவரை மன்றத்திலிருந்து நீக்கினார்கள். எட்டு இருபதுக்கு அவரை வேலையிலிருந்து நீக்குவதாக ஒருமனதாகத் தீர்மானித்து, அறிவிப்பை மன்றத்தில் பதிவிட்டார்கள். அதற்கும் கைதட்டல் படங்கள் ஓடின. எட்டரைக்குத்தான் கணக்கு ஆசிரியர் ஒரு சந்தேகம் கேட்டார். அறிவிப்பு செல்ல வேண்டுமானால் சம்பந்தப்பட்டவர் அதைப் பார்த்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல் அழுத்த வேண்டுமே. அவர்தான் மன்றத்தில் இல்லையே.

மன்றம் அமைதியானது. அதன் வரலாற்றில் முதன்முறையாக ஏழு நிமிடம் ஒரு பதிவும் வரவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடலாமே என்று ஒரு புது உறுப்பினர் எழுதினார். அவருக்கு அனுபவம் போதாது என்று விளக்கினார்கள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு இருநூற்றுப் பதினோரு பேரில் ஒருவர் மட்டும் வந்தார். தலைமை நெறியாளர். குளிருக்குத் தலையில் துண்டு கட்டியிருந்தார். கைப்பேசி வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டே வந்தார். தண்ணீர்க்காரர் மேல் தெருக் குழியில் ஐந்தாவது சுற்றை முடித்துச் சாவியை உருவிக்கொண்டிருந்தார்.

"இந்தாப்பா, ஒரு நிமிஷம். நீ திரும்ப மன்றத்துல சேரணும்."

"எதுக்கு சார்?"

"உன்னை வேலையிலிருந்து எடுத்தாச்சு. அதை உனக்கு முறைப்படி தெரிவிக்கணும். நீ சேந்து ஒரே ஒரு விரல் அழுத்திட்டா, உடனே நீக்கிடறோம். ரெண்டு நிமிஷ வேலை."

"அதான் இப்பச் சொல்லிட்டீங்களே சார்."

"இது செல்லாதுப்பா. இது வெறும் பேச்சு."

"அப்ப பேசிக்கிட்டே வாங்க" என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். தலைமை நெறியாளர் பின்னாலேயே போனார். நடுத் தெருவில் ஏழு சுற்று. தையற்கார அம்மா வாசலில் குடத்தோடு நின்றிருந்தார். "என்ன சார், விசாரணைக் குழுவா?" என்றார். "நடந்து வரீங்க. உடம்புக்கு நல்லது." தலைமை நெறியாளர் கைப்பேசியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கடைசி வரிசைக்கு ஏற்றம். தலைமை நெறியாளர் அங்கே அதுவரை வந்ததில்லை, மூச்சு வாங்கியது. குழியைச் சுற்றி நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். பெண்கள் குடத்தோடும், ஆண்கள் வேலைக்குப் போகிற உடுப்போடும். கழுத்தில் துணி சுற்றிய அக்கா முன்னால் நின்றார்.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டார் தலைமை நெறியாளர்.

"படம் அனுப்பாதவங்க" என்றார் அக்கா.

இரண்டு பேர் குனிந்து மூடியைத் தூக்கி ஒரு பக்கம் போட்டார்கள். தண்ணீர்க்காரர் சாவியை இறக்கித் திருகத் தொடங்கினார். எண்ணினார். நாலாவது சுற்றில் கூட்டமும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தது. பதின்மூன்று. பதினாலு. சாவி முட்டி நின்றது. வரிசைக் கோடியில் ஒரு குழாய் இரண்டு தடவை தும்மிவிட்டு விரல் தடிமனில் ஒழுகத் தொடங்கியது.

தண்ணீர்க்காரர் விலகி நின்று சாவியைக் காட்டினார்.

"பதினஞ்சாவது சுத்து சார். நீங்க சுத்துங்க."

தலைமை நெறியாளர் சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் வழிவிடுவதாகத் தெரியவில்லை. கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் குறுக்குக் கம்பியைப் பிடித்தார். அழுத்தினார். காலை ஊன்றி, தோளைக் கொடுத்து அழுத்தினார். இரும்பு அசையவில்லை. தலைத்துண்டு அவிழ்ந்து குழிக்குள் விழுந்தது. முதல் குடம் நிரம்பி, இரண்டாவது குடம் வைக்கப்பட்டது. அவர் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார். கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"தீர்மானத்தைச் சொல்லிப் பாருங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு செங்கல் சுமப்பவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. கிட்ட வந்து, அவர் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

"சாவியை விடுங்க" என்றார். "நாளைக்கும் வேணும்."